வடசுவரில் ஒரு வாசல்

சோழவந்தானைத் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே, இங்கிலாந்து கிராமத்துக் கிறிஸ்தவக் கோயில் ஒன்று அப்படியே நிற்கிறது என்று ஜனகராஜ் சொன்னபோது பவதாரிணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு எதைப் பார்த்தாலும் இங்கிலாந்துதான் ஞாபகம் வரும். மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலைத் துறைக்கு அவர் தலைவர். பட்டு வியாபாரம் செய்த சௌராஷ்டிரக் குடும்பத்தில் ஒருத்தர் மட்டும் கடையில் உட்காராமல் படித்து, வெளிநாடு போய்த் திரும்பியவர். அங்கே இருந்த காலத்தில் சனிக்கிழமையானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பழைய கோயில்களைப் பார்த்துத் திரிந்திருக்கிறார். எழுநூறு, எண்ணூறு வருஷத்துக் கோயில்கள். அந்தப் படங்களைத் திரையில் போட்டுவிட்டால் மணி அடித்ததுகூட அவர் காதில் விழாது.

“அங்க எந்தக் கோயிலையும் ஒரே மூச்சுல கட்டி முடிக்கலை. ஒரு தலைமுறை நடுக்கூடம் கட்டும், அடுத்த தலைமுறை பீடப் பக்கத்தை இழுத்து நீட்டும், கோபுரம் எப்பவோ வரும். கொள்ளைநோய் வந்தா வேலை பாதியில நிக்கும். ராஜா மதம் மாறினா சுவர்ல இருக்கிற ஓவியத்து மேல சுண்ணாம்பை அடிச்சிருவாங்க. அம்புட்டும் சுவர்ல இருக்கு. எழுதி வைச்சவன் பொய் சொல்லியிருப்பான், சுவர் சொல்லாது. கல்லு எங்க மாறுது, காரை எங்க மாறுதுன்னு பாரு, போதும்” என்பார்.

பவதாரிணிக்கு அவருடைய இந்தப் பேச்சு பிடிக்கும். அதே துறையில் அவள் விரிவுரையாளர். எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவள். அப்பா கண்ணுச்சாமி படித்து வாத்தியாராகி, ஓய்வு பெறும்போது விளாங்குடியில் ஒரு வீடு கட்டியிருந்தார். அந்த வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் கல்லூரிக்கு வந்து போவாள்.

இரண்டாயிரத்து மூன்றில் கீரனேந்தல் சபை, ஜனகராஜ் சொன்ன அந்தக் கோயிலுக்கு நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு விழா எடுத்தது. விழா மலரில் கோயிலின் கட்டடக்கலையைப் பற்றி ஒரு கட்டுரையும், அளவெடுத்து வரைந்த படங்களும் போட வேண்டும் என்று கமிட்டிச் செயலாளர் ராஜமாணிக்கம் ஜனகராஜைத் தேடி வந்தார். “நீ அளந்து வரைஞ்சு குடு, நான் எழுதிர்றேன்” என்று ஜனகராஜ் வேலையைப் பவதாரிணியிடம் தள்ளினார்.

அவள் போய்ப் பார்த்தாள். ஜனகராஜ் சொன்னது பொய்யில்லை. வில்மட் ஐயர் என்ற பாதிரியார் ஒருவர், தான் பிறந்து வளர்ந்த ஊரின் பழைய கோயிலை மனசிலிருந்தே வரைந்து, இங்கே கட்டியிருந்தார். மேற்கே சதுரக் கோபுரம். கிழக்கே பீடம். தெற்கே முகப்புக் கூரை போட்ட வாசல். பனி வழுக்கி விழட்டும் என்று செங்குத்தாகச் சரித்த கூரை. கீரனேந்தலில் பனி எங்கே விழுகிறது. குளிர்க்காற்றுக்குப் பயந்து ஒடுக்கமாக வைத்த ஜன்னல்கள். சித்திரை மாதத்தில் உள்ளே உட்கார்ந்தால் இட்லிச் சட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி வேகும். ஜன்னல்களின் கூர்வளைவு உச்சியில் உள்ளூர்க் கொத்தனார்கள் தங்கள் இஷ்டத்துக்குத் தாமரை மொட்டுகளை வைத்துவிட்டிருந்தார்கள். அவளுக்கு அந்தக் கோயில் பிடித்துப்போனது. டேப்பும் தூக்குக்குண்டுமாக வாரக் கடைசிகளில் போய் அளக்க ஆரம்பித்தாள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கோயில்களில் தெற்கே ஒரு வாசல் இருந்தால் அதற்கு நேர் எதிரே வடக்கேயும் ஒன்று இருக்கும் என்று ஜனகராஜ் பல தடவை சொல்லியிருக்கிறார். திருநாள் ஊர்வலம் அந்த வழியாகத்தான் வெளியே போகும். இங்கே வடக்கே வாசல் இல்லை. மனுஷன் நின்றால் முகம் வரும் உயரத்தில், கையளவு அகலத்தில், ஒரு ஓட்டைதான் இருந்தது. அதுவும் சுவரைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு பீடத்தைப் பார்த்துப் போனது. வெளியே நின்று கண்ணை வைத்தால் பீடம் மட்டும் தெரியும். ஒரு பெஞ்சு தெரியாது, ஒரு ஆள் தெரியாது.

“அது இங்கிலீஷ் ஜன்னல்மா” என்றார் ராஜமாணிக்கம். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். மேலத்தெருக்காரர். பேச்சில் எப்போதும் ஒரு மெத்தை இருக்கும். “அந்தக் காலத்துல அங்க தொழுநோய்க்காரங்க வெளிய நின்னு ஆராதனையைப் பாக்கறதுக்கு இப்பிடி வைப்பாங்களாம். இந்தியாவுலயே நம்ம கோயில்ல மட்டும்தான் இருக்குன்னு ஒரு வெள்ளைக்காரர் வந்து சொல்லிட்டுப் போனார். மலர்ல அதை நல்லா பெருசா போடணும்.”

“இந்த ஊர்ல தொழுநோய்க்காரங்க இருந்தாங்களா சார்?”

“யாராவது இருந்திருப்பாங்க” என்றார். பிறகு, “ஜனகராஜ் சாரும் நீங்களும் ஒரே ஆளுகதானா? சௌராஷ்டிராவா?” என்று கேட்டார்.

“இல்லை சார்” என்றாள். அதற்குள் அவருடைய செல்போன் அடித்தது, எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

*

ஐப்பசி மழை ஒரு வாரம் கொட்டி ஓய்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை அவள் வடசுவரை அளக்கப் போனாள். மழையில் ஊறிக் காரை பல இடங்களில் உப்பியிருந்தது. ஓட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது.

“அதைப் போயி எதுக்கு தாயி படம் புடிக்கிற?”

தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயசிருக்கும். சபைப் பதிவில் எஸ்தர், ஊருக்குள் ஒச்சாயி. கோயிலுக்கு வடக்கே, ஒரு வாய்க்காலைத் தாண்டி இருந்த வடக்குத்தெருவில் வீடு. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போகிறவள்.

“விழா மலருக்குக்கா. இது தொழுநோய்க்காரங்களுக்காக வச்ச ஜன்னலாமே.”

ஒச்சாயி புல்லுக்கட்டைக் கீழே போட்டாள். அவள் பேசியபோது குரல் உயரவில்லை. அதுதான் பவதாரிணிக்குப் பிறகு பல நாள் காதில் நின்றது.

“எங்க தாத்தனுக்குத் தொழுநோய் இல்லை தாயி. எங்க அப்பனுக்கும் இல்லை. மழையோ வெயிலோ, இந்தச் சுவரு ஓரமா நின்னுதான் சாமி கும்பிட்டுருக்காக. ஆராதனையில அப்பம் குடுக்கிற ராப்போஜனத்தன்னைக்கு, நீளக் கரண்டியில அதை வச்சு இந்த ஓட்டை வழியா நீட்டுவாகளாம். ஒவ்வொருத்தரா வந்து வாயைத் திறக்கணும். எங்க அம்மா வாங்கிருக்கா. பெறகு கேசு கீசுன்னு பேச்சு வரவும் எங்களை உள்ள விட்டாக. உள்ளன்னா எங்க? கோபுரத்தடியில பாயி விரிச்சுக் கெடக்கும், அதுல. இன்னைக்கு வரைக்கும் அதுலதான். மேலத்தெருக்காரக பெஞ்சுல உக்காருவாக.”

இதைப் பவதாரிணி எழுமலையில் வேறு வேறு ரூபத்தில் பார்த்து வளர்ந்தவள். டீக்கடையில் தனிக் கிளாஸாக, கண்மாயில் தனிப் படித்துறையாக. ஆனால் இதையே அழகு என்று மலரில் அச்சுப்போடத் தன்னிடம் படம் கேட்கிறார்கள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஓட்டைக்குள் கையை விட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உப்பியிருந்த காரை பெரிய அப்பளம் மாதிரி உடைந்து காலடியில் விழுந்தது.

உள்ளே செங்கல் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பையிலிருந்து ஒரு இரும்புத் தகட்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள்.

“என்ன தாயி செய்யிற, கமிட்டிக்காரக கத்துவாக” என்றாள் ஒச்சாயி.

“கத்தட்டும்க்கா.”

கோயிலின் மற்றச் சுவரெல்லாம் மெல்லிய, அகலமான செங்கல், நல்ல சுண்ணாம்பு. ஓட்டையைச் சுற்றி இருந்தது தடித்த செங்கல், பாதி மண் கலந்த சாந்து. இரண்டு வகையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றோடு ஒன்று கோக்காமல், மேலிருந்து கீழே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு இறங்கியது. ஓட்டைக்கு அந்தப் பக்கமும் அதே போல ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாகப் போகிற அகலம். தலைக்கு மேலே, செங்கற்களை நிறுத்திவைத்துக் கூராக வளைத்த ஒரு வளைவு. அதன் உச்சியில் தாமரை மொட்டு. சுவரின் அடியில் மண்ணில் பாதி புதைந்து ஒரு கருங்கல் கிடந்தது. வடக்குத்தெருக்காரர்கள் அதில் அரிவாள் தீட்டுவது வழக்கம். அவள் மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தாள். படிக்கல். நடுவில் கால் பட்டுத் தேய்ந்திருந்தது.

“அக்கா, இது ஜன்னல் இல்லை. வாசல்.”

“எது?”

“நீங்க நிக்கிற இடம்தான். கோயில் கட்டும்போதே இங்க ஒரு வாசல் வச்சுத்தான் கட்டிருக்காங்க. ஆளுங்க போய் வந்திருக்காங்க, படியைப் பாருங்க. அதுக்கப்புறம் யாரோ கல்லை வச்சு அடைச்சிருக்காங்க. அடைக்கும்போது இந்த ஓட்டையை மட்டும் விட்டுருக்காங்க.”

ஒச்சாயி கிட்டே வந்து அந்தக் கோட்டை விரலால் மேலிருந்து கீழே தடவினாள். பிறகு மறு பக்கத்துக் கோட்டையும் தடவினாள்.

“அப்ப எங்களுக்கு வாசல் இருந்திருக்கு” என்றாள். “பாவம், போனாப் போகுதுன்னு ஓட்டை விட்டாகன்னுல நாங்க நெனச்சுக்கிட்டிருந்தோம். ஒண்ணும் குடுக்கலை. இருந்ததைப் புடுங்கியிருக்காக.”

இரண்டு பேரும் தெற்கு வாசலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். உள்பக்கம் ஓட்டைக்குக் கீழே ஒரு பளிங்குக்கல் பதித்திருந்தது. வாரா வாரம் எல்லோரும் பார்க்கிற கல்தான். ராஜமாணிக்கத்தின் தாத்தா பெயர் போட்டு, ‘வடசுவரைச் செம்மை செய்து சபையின் ஒழுங்கைக் காத்தவர்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. ஒச்சாயிக்குப் படிக்கத் தெரியாது. பவதாரிணி படித்துச் சொன்னாள்.

“ஒழுங்கா?” என்றாள் ஒச்சாயி. வெளியே போய்ப் புல்லுக்கட்டைத் தூக்கித் தானே தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

*

பவதாரிணி படத்தை வரைந்தாள். வடசுவர்ப் படத்தில் ஓட்டையைச் சுற்றிப் புள்ளிக்கோட்டில் வாசலையும் வளைவையும் காட்டி, ‘பிற்காலத்தில் அடைக்கப்பட்ட வாசல்’ என்று எழுதி ஜனகராஜிடம் கொடுத்தாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பிரமாதம். நான் சந்தேகப்பட்டேன். இங்கிலாந்துல பாதிக் கோயில்ல வடக்கு வாசலை அடைச்சிருப்பாங்க, தெரியுமா? ஊர்வலம் நின்னுபோச்சு, வாசலுக்கு வேலை இல்லை, குளிர்காத்து வேற. சாதாரணம்.”

“அங்க ஏன் அடைச்சாங்கன்னு எனக்குத் தெரியாது சார். இங்க ஏன் அடைச்சாங்கன்னு தெரியும்” என்றவள், ஒச்சாயி சொன்னதை எல்லாம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் ராஜமாணிக்கம் துறைக்கே வந்தார். மேஜை மேல் படம் விரிந்து கிடந்தது. புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்தார்.

“இது எதுக்குங்க சார்? இருக்கிறதை வரைஞ்சாப் போதுமே.”

“இருக்கிறதைத்தான் வரைஞ்சிருக்கேன்” என்றாள் பவதாரிணி.

அவர் அவளைப் பார்க்காமல் ஜனகராஜிடமே பேசினார். “இத்தனை வருஷமா ஒத்துமையா இருக்கிற சபை சார். இப்பப் போய் இதைக் கிளறினா யாருக்கு லாபம்? பிஷப் வர்றார், கலெக்டரைக் கூப்பிட்டிருக்கோம். அந்தச் சுவரும் மழையில அசிங்கமாப் போச்சு. சிமெண்ட் வச்சு அம்புட்டையும் பூசி பெயிண்ட் அடிச்சிரலாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டோம். ஓட்டையை வேணும்னா கண்ணாடி போட்டு விட்டுர்றோம்.”

“பழைய சுண்ணாம்புச் சுவர்ல சிமெண்ட் பூசினா சுவர் செத்துரும்னு சார்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தார்” என்றாள் அவள். “சொல்லுங்க சார்.”

ஜனகராஜ் ஜன்னலைப் பார்த்தார். “பவதாரிணி, நம்ம வேலை கட்டடம். அதோட நிறுத்திக்குவோம். அந்தக் கோட்டை எடுத்துரு. பின்னாடி நாம தனியா ஒரு ஆய்வுக் கட்டுரையா எழுதலாம்.”

“ஆய்வுக் கட்டுரையை ஒச்சாயிக்கா படிக்குமா சார்?”

“யாரும்மா அது?” என்றார் ராஜமாணிக்கம். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாக அவர் வீட்டுக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவளை அவருக்கு அந்தப் பேரில் தெரியவில்லை. பவதாரிணி படத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“உங்க தாத்தா அடைச்ச வாசலுக்கு வெளிய நின்னவங்க பேத்தி சார். நீங்க அன்னைக்கு என்னைய என்ன ஆளுன்னு கேட்டீங்கள்ல? நானும் அந்த ஆளுதான்.”

ராஜமாணிக்கம் எழுந்து நின்றார். நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். அவள் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். இரண்டு நாளில் ஜனகராஜ் வேறொரு ஆளை வைத்து, புள்ளிக்கோடு இல்லாத படம் ஒன்றை வரைந்து அனுப்பிவிட்டார் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவள் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன பேசுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

*

பவதாரிணி மறுபடி கீரனேந்தலுக்குப் போனபோது கோயில் சுவரோரம் சிமெண்ட் மூட்டைகள் இறங்கியிருந்தன. வடக்குத்தெருவில் செய்தி அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. தெருக்காரர்கள் சபையின் குருவானவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். சின்ன வயசுக்காரர், நல்லவர் என்று பெயர். விழா முடியட்டும், பிறகு ஜெபத்தோடு உட்கார்ந்து பேசுவோம் என்றிருக்கிறார்.

“பூசினதுக்கப்புறம் எதைப் பேச?” என்றான் சோணைமுத்து. ஒச்சாயியின் கொழுந்தன். மதுரையில் கொத்தனார் வேலை பார்க்கிறவன்.

பவதாரிணி படத்தை அவன் வீட்டு வாசலில் விரித்தாள். ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். இது வளைவு, இது நிலைப்பக்கம், இது படி என்று அவள் காட்டினாள். சோணைமுத்து ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான்.

“ஒண்ணு கேக்கிறேன் மேடம். நடுவுல இருக்கிற கல்லை எடுத்தா மேல இருக்கிறது இறங்குமா?”

கேள்வி எதற்கென்று அவளுக்குப் புரிந்தது. எல்லோருக்கும் புரிந்தது. தெரியாது என்று சொல்லலாம். சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு விளாங்குடிக்குப் போய்விடலாம். வேலை இருக்கும். அவள் அந்த நீளக் கரண்டியை நினைத்தாள். வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றவர்களை நினைத்தாள்.

“இறங்காது” என்றாள். “மேல இருக்கிற பாரத்தை வளைவு தாங்குது, அடைச்ச கல்லு தாங்கலை. அது சும்மா நிக்குது. மேற்குப் பக்கம் நிலையில ரெண்டு வரிசை கல்லு மட்டும் லூசா இருக்கு. அங்க முட்டுக் குடுத்துட்டு, உச்சியில இருந்து கீழ நோக்கி எடுத்துக்கிட்டே வரணும். அடியில இருந்து ஆரம்பிச்சிராதீங்க.”

“சொல்லிட்டுப் போயிருவியா தாயி?” என்றாள் ஒச்சாயி.

“நிப்பேன்க்கா.”

திருட்டுத்தனமாகச் செய்யக் கூடாது என்று ஒச்சாயி சொல்லிவிட்டாள். நல்ல வெயிலில், ஊரே விழித்திருக்கும்போது, கடப்பாறையும் மண்வெட்டியுமாக வாய்க்காலைத் தாண்டிப் போனார்கள். முதலில் உள்ளே போய் அந்தப் பளிங்குக்கல்லைச் சுற்றிக் கொத்தி, நாலு பேர் பிடித்து, கீறல் விழாமல் இறக்கி, ஒரு பெஞ்சின் மேல் சாக்கு விரித்துப் படுக்கவைத்தார்கள். அது ஒச்சாயியின் உத்தரவு. “அதை ஒடைச்சா அதையே சொல்லிக்கிட்டுத் திரிவாக” என்றாள்.

பிறகு முட்டுக் கொடுத்தார்கள். சோணைமுத்து சாரத்தில் ஏறி, வளைவுக்குக் கீழே முதல் கல்லை நெம்பினான். மண் சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது. பவதாரிணி கீழே நின்று வளைவையே பார்த்தபடி இருந்தாள். மயிரிழை வெடிப்பு விட்டாலும் நிறுத்தச் சொல்ல வேண்டும். விடவில்லை. ஒவ்வொரு கல்லாக வந்தது. கல்லை வாங்கி வாங்கிப் பெண்கள் வெளியே அடுக்கினார்கள். அடைத்த பிறகு முதல் தடவையாக அந்த வாசல் வழியே வெளிச்சம் உள்ளே விழுந்தபோது பழைய தரையில் அந்த இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருப்பது தெரிந்தது.

பாதி எடுத்திருக்கும்போது ராஜமாணிக்கம் மேலத்தெரு ஆட்களோடு வந்தார். மூச்சு வாங்கியது.

“தேவாலயத்தை இடிக்கிறீங்களா?”

“இடிக்கலைங்க. திறக்கிறோம்” என்றாள் ஒச்சாயி.

“யாரைக் கேட்டுத் திறக்கிறீங்க?”

“அடைக்கும்போது எங்க ஆளுகள்ல யாரைக் கேட்டாக?”

ஒருவன் முன்னால் பாய்ந்து சாரத்தைப் பிடித்து இழுக்கப் போனான். பவதாரிணி குறுக்கே போய் நின்றாள். “மேல ஆள் நிக்கிறான். சாரத்தைத் தொட்டா கொலைக் கேஸு. தொட்டுப் பாரு” என்றாள். அந்தக் குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே அதுவரை தெரியாது. அவன் கையை எடுத்தான். அவர்கள் போலீசுக்குப் போன் செய்தார்கள். போலீஸ் ஜீப் வந்து சேர்வதற்குள் கடைசி வரிசைக் கல்லும் வெளியே போயிருந்தது. ஒச்சாயி படிக்கல்லில் கால் வைத்து ஏறி, உள்ளே வந்து நின்றாள். அழவில்லை, ஜெபமும் பண்ணவில்லை. சேலையில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் தட்டிவிட்டு, “ஜீப்புல எடம் பத்தாது, பாதிப் பேரு நடந்துதான் வரணும்” என்றாள்.

*

வழிபாட்டு இடத்தைச் சேதப்படுத்தியதாக எல்லோர் மேலும் வழக்குப் போட்டார்கள். பவதாரிணியின் பெயர் முதலில் இருந்தது. கல்லூரியில் விளக்கம் கேட்டுத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். விழா தள்ளிப்போனது, கலெக்டர் வரவில்லை. அப்பா கண்ணுச்சாமி ஒரு வார்த்தை திட்டவில்லை. வக்கீல் வீட்டுக்கு அவளோடு கூடவே நடந்தார்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது, வாசல் என்று ஒன்று எப்போதுமே இருந்ததில்லை, நல்ல சுவரை உடைத்துவிட்டார்கள் என்று நிரூபிக்க கமிட்டி ஒரு நிபுணரைக் கூப்பிட்டது. ஜனகராஜைத்தான். அவர் கூண்டில் ஏறினார். புள்ளிக்கோடு இல்லாத படம் கொடுத்தவர், தங்களுக்குச் சாதகமாகவே சொல்வார் என்று ராஜமாணிக்கம் நம்பியிருந்தார்.

“அது வாசல்தான்” என்றார் ஜனகராஜ். “கட்டின அன்னைக்கே வாசல். வளைவு பழசு, அடைப்பு புதுசு. படிக்கல் தேய்ஞ்சிருக்கு. இவங்க எடுத்தது அடைப்பை மட்டும்தான். மூலக் கட்டடத்துல ஒரு செங்கல் கூட அசையலை. இவ்வளவு சுத்தமா எடுத்ததை நான் எங்கயும் பார்த்ததில்லை.”

வழக்கு நிற்கவில்லை. வெளியே வந்தபோது வேப்பமரத்தடியில் அவர் அவளுக்காகக் காத்திருந்தார்.

“அன்னைக்கு அந்தப் படத்தை நான் மாத்தி அனுப்பியிருக்கக் கூடாது” என்றார்.

“ஆமா சார்.”

“கோபமா இருக்கியா இன்னும்?”

“கூண்டுல நீங்க வளைவைப் பத்திச் சொன்னீங்க, படிக்கல்லைப் பத்திச் சொன்னீங்க. அதுல கால் வச்சது யாருன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சுவர் பொய் சொல்லாது சார். ஆனா பாதியிலயே நிறுத்திக்கும். மீதியை நாமதான் சொல்லணும்.”

அவள் வணக்கம் சொல்லாமல் நடந்தாள். கல்லூரியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். இருவரும் அதற்குப் பிறகு பாடத்தைத் தவிர வேறு பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த மழைக்கு வளைவு எப்படி இருக்கிறது என்று பார்க்க அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீரனேந்தல் போனாள். கமிட்டி அந்த வாசலுக்குத் தேக்கில் கதவு போட்டு வார்னிஷ் அடித்திருந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் சந்தோஷமாகவே வந்து பேசினார்.

“இப்ப ஒரு பிரச்சினையும் இல்லைமா. வடக்குத்தெருக்காரங்க வடக்கு வாசல்ல வர்றாங்க, நாங்க தெற்கு வாசல்ல வர்றோம். அவங்க வாசல் அவங்களுக்கு, எங்க வாசல் எங்களுக்கு.”

பவதாரிணி கையிலிருந்த டேப்பைப் பட்டென்று சுருளவிட்டாள். இத்தனை பேர் ஸ்டேஷனில் உட்கார்ந்து, கோர்ட்டுக்கு அலைந்து, வேலையை விட்டு நின்றது, ஓட்டையை அகலமாக்கத்தானா என்று நினைத்தாள். வடக்கு வாசலுக்கு ஓடினாள். தெருவே அங்கே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. ஒச்சாயியைத் தனியே இழுத்துச் சொன்னாள்.

ஒச்சாயி முழுசாகக் கேட்டாள். முகம் கறுத்தது. “நானும் ரெண்டு வாரமாப் பாக்குறேன், தெக்கு வாசல்ல நிக்கிறவன் எங்க புள்ளைகளை ‘அந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ’ன்னு வெரட்டுறான். சரி, கூட்டம்போலன்னு நெனச்சேன்” என்றாள். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினாள். “எல்லாரும் வாங்கடி.”

கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு, தெருவே தெற்கு வாசலுக்குப் போனது. வாசலில் நின்றவன் கையை நீட்டி வடக்கைக் காட்டினான். ஒச்சாயி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, செருப்பை அங்கேயே கழற்றிப்போட்டு உள்ளே ஏறினாள். கோபுரத்தடியில் பாய் விரித்திருந்தது. அதை மிதித்துக் கடந்து நடுக்கூடத்தின் வழியே நேராக நடந்து போய், பீடத்துக்கு முன்னால் இருந்த முதல் பெஞ்சில், ராஜமாணிக்கத்தின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் சேலையை இழுத்துக்கொண்டு எழுந்து பின் பெஞ்சுக்குப் போனார். ஒச்சாயி நகர்ந்து, காலியான இடத்தையும் சேர்த்து உட்கார்ந்துகொண்டு, பின்னால் திரும்பிக் கையை ஆட்டினாள்.

“இங்க எடம் கெடக்கு, வாங்க.”

பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். குருவானவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே நின்றார். மேலத்தெரு ஆட்கள் பலர் எழுந்து வெளியே போனார்கள், சிலர் போகவில்லை. பவதாரிணி தெற்கு வாசலிலேயே நின்றாள். வெளியே போகிறவர்கள் அவளை உரசாமல் போக வேண்டும் என்று ஒதுங்கினார்கள். அவள் வழியை விடவில்லை.